ஏழாவது முளைக்கு அப்பால்

தம்பிக்கு, அம்மா எழுதுவது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை காலை வந்தது. பசியாறிக்கொண்டே படித்தேன். கோலாலம்பூரில் அறை வசதியாக இருக்கிறது, சாப்பாடு பரவாயில்லை, அடுத்த மாதம் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிடும் என்று எழுதியிருந்தாய். சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு இரண்டாம் பக்கத்தில் அந்த வரிகள் வந்தன. "ஜாசின் பக்கத்துக் கல்லுமலையை இன்னும் மேலே வெட்டப் போகிறார்கள். அறிக்கை எழுதும் பொறுப்பு என்னுடையது. நல்லவேளையாக அப்பா அளந்த அட்டவணை கோப்பில் பத்திரமாக இருக்கிறது. புதிதாக ஒரு கல்லைக்கூட அளக்க வேண்டியதில்லை." வாயில் இருந்த ரொட்டியைத் தட்டிலேயே துப்பிவிட்டேன். அதற்குக் கீழே வேறு, 'உண்மையை மட்டுமே அளந்த மனிதர்' என்று உன் அப்பாவைப் பற்றி ஒரு வரி. அந்தக் காகிதத்தைக் கையால் தொடவே எனக்கு அருவருப்பாக இருந்தது. உன்மேல் கோபம் என்று நினைக்காதே. உனக்குத் தெரியாது. தெரியாமல் வைத்திருந்தவள் நான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். அந்த அட்டவணை உன் அப்பா அளந்தது இல்லை, நான் அளந்தது. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கை மட்டும் தின்று உயிர் பிழைத்தவர்களில் சிலருக்குக் கண் கெட்டுப்போனதே, அப்படித்தான் உன் அப்பாவுக்கும் கெட்டது. நடமாட்டத்துக்குக் குறைவில்லை. எதிரே ஆள் வருவது தெரியும், சைக்கிள்கூட ஓட்டுவார். ஆனால் எழுத்தை நேராகப் பார்த்தால் நடுவில் புகை மூடினாற்போல இருக்கும் என்பார். அளவுகோலில் கோடு தெரியாதவரைக் கல்லுமலையை அளந்து படம் வரைகிற வேலையில் எந்தக் கம்பெனி வைத்திருக்கும்? அதனால் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் கான்வென்ட்டில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். கணக்கும் கவராயமும் எனக்குக் கைவந்தவை. நீ மதராசுக்குப் படிக்கப் போன பிறகு காஜா பெராங் வீட்டுச் சமையலறை மேசைதான் அவருடைய ஆபீஸ். கம்பெனியில் யாருக்கும் தெரியாது. கண் தெரியாத புருஷனுக்குக் கண்ணாக இருக்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

நீ படித்த படிப்பில் இதெல்லாம் உனக்கு அத்துப்படி. இருந்தாலும் என் வாயாலேயே சொல்கிறேன். விவரம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று நீ எனக்காகச் சாக்குத் தேடக் கூடாது. அந்தக் குன்றுக்குள் ஒரு பட்டை ஓடுகிறது. கணக்கு வைக்க முடியாத பழைய காலத்தில், அந்தப் பட்டையின் இரண்டு பக்கத்து நிலமும் பூமிக்கு அடியில் எதிரெதிர்த் திசையில் நகர்ந்திருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட பாறை பிசைந்த மாவு மாதிரி இழுபட்டுப்போனது. பாறைக்குள் பழைய ஆற்றுக் கூழாங்கற்கள் பதிந்து கிடக்கின்றன. ஆற்றில் கிடந்தபோது அவை ஏறக்குறைய உருண்டை. இப்போது எவ்வளவு நீண்டிருக்கின்றன, எவ்வளவு சப்பையாகியிருக்கின்றன என்று அளந்தால் பாறை பட்ட பாடு தெரிந்துவிடும். கம்பெனிக்காக மலையைப் பார்க்க வந்த வெள்ளைக்காரப் பாறை நிபுணரை எல்லோரும் துரை என்றுதான் சொல்வோம். அவர் கீழே லாரி போகிற சடக்கோரத்தில் தொடங்கி மேலே வரைக்கும் பன்னிரண்டு முளைக்குச்சி அடிக்கச் சொன்னார். ஒவ்வொரு முளைக்கும் பக்கத்தில் பாறையைத் தட்டையாகச் செதுக்குவார்கள். உன் அப்பா அதன்மேல் மெல்லிய காகிதத்தை வைத்து மெழுகுப் பென்சிலால் தேய்ப்பார். தேய்க்கக் கை போதும், கண் வேண்டாம். கூழாங்கல்லின் விளிம்பெல்லாம் காகிதத்தில் எழும்பி வரும். சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் கவராயத்தை வைத்து ஒவ்வொரு கல்லுக்கும் நீளம் எடுத்து, அகலம் எடுத்து, ஒன்றை ஒன்றால் வகுத்து எழுதுவேன்.

ஆறாவது முளை வரைக்கும் கற்கள் கோழிமுட்டை மாதிரி இருந்தன. ஏழாவதில் சட்டென்று மாறின. அகலத்தைப் போல நாலு மடங்கு நீளம், ஐந்து மடங்கு நீளம். பத்தாவதுக்குப் போனால் வெண்டைக்காய்தான். அத்தனையும் ஒரே திசையில் நீட்டிப் படுத்திருந்தன. ஏழுக்கு மேலே பாறையே ஏடு ஏடாகப் பிரிகிறது, ஏடெல்லாம் சடக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று உன் அப்பா கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அப்படிப்பட்ட இடத்தில் அடியை வெட்டினால் மேலே இருப்பது சறுக்கும். ஆகவே ஏழாவது முளையோடு வெட்டுவதை நிறுத்த வேண்டும். நான் எழுதிய முதல் அட்டவணை அதைத்தான் சொன்னது.

முனியம்மாவை உனக்கு நினைவிருக்கும். நம் வீட்டுக்குப் பின்னால் பலகை வீட்டில் இருந்தவள், புருஷன் செத்தபின் மகள் லெட்சுமியோடு தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தவள். அந்தக் கல்லுமலைக் கம்பெனியில்தான் கல்லுடைத்தாள். காலையில் கம்பெனி லாரியில் ஏறிப்போவாள், சாயங்காலம் தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசோடு வருவாள். வந்ததும் நம் சமையலறை வாசலில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் கோப்பி குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். நான் கவராயத்தோடு குனிந்திருப்பதைப் பார்த்து, "என்னக்கா, கல்லுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா, இப்படி அளவு எடுக்கிறீங்க?" என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன். நான் அளப்பது அவள் நிற்கப்போகும் இடத்தை என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நாடு சுதந்திரமான மெர்டேக்காவுக்கு முந்தின வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் துரை நம் வீட்டுக்கே வந்தார். எடுக்காமல் வைத்திருந்த பூப்போட்ட கோப்பைகளைக் கழுவி டீ கலந்தேன். மேசையில் என் அட்டவணை விரித்திருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார்.

"ஏழோடு எல்லை நின்றால் கம்பெனிக்குப் பாதி மலைதான் கிடைக்கும்," என்றார் இங்கிலீஷில். "இந்த நீளக் கற்கள் ஆற்றிலேயே நீளமாகக் கிடந்தவையாக இருக்கலாம். இழுபட்டவை என்று எப்படிச் சொல்வாய்? மூன்று மடங்குக்கு மேல் போனதையெல்லாம் விட்டுவிடு. மீதிக்குச் சராசரி எடு. எல்லை ஒன்பதுக்குப் போய்விடும்."

"யெஸ் சார்," என்றார் உன் அப்பா.

நான் தட்டை ஏந்திக்கொண்டு அவர் பின்னால் நின்றிருந்தேன். ஆற்றில் நீளமாகக் கிடந்த கற்கள் என்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக் கிடக்கும், இப்படி எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்காது. அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியத்துக்கு வேண்டிய இங்கிலீஷும் என்னிடம் இருந்தது. நான் வாயைத் திறந்து, "மோர் டீ, சார்?" என்று கேட்டேன்.

அவர் போன பிறகு, "இது தப்பில்லையா?" என்று உன் அப்பாவைக் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "ரெண்டு மாசத்துல துரை ஊருக்குப் போறாரு. போறதுக்கு முன்ன எனக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதித் தரணும். என் கண்ணு விஷயம் அவருக்குத் தெரியும்போல இருக்கு. வெளியில சொல்லல, அவ்வளவுதான். நீ எழுது," என்றார். எழுதினேன். ஒரே மத்தியானத்தில் முடிந்துவிட்டது. நீளக் கற்களை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, மிச்சத்தைக் கூட்டி வகுத்து, புதுத் தாளில் சுத்தமாக எழுதினேன். நீ இப்போது கோப்பில் வைத்திருக்கிறாயே, அதுதான். ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. எல்லா எண்ணும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். எழுதி முடித்ததும் தாளைத் தூக்கிப் பிடித்து அழகு பார்த்தேன், தம்பி. அதுதான் என்னை இன்றைக்கும் புரட்டுகிறது. பயந்து எழுதியிருந்தால்கூட ஒரு மாதிரி. நான் அழகு பார்த்தேன்.

மெர்டேக்கா வந்தது. கொண்டாட்டம் பார்க்கப் பண்டா ஹிலிர் திடலுக்கு முனியம்மாவும் நானும் ஒன்றாகத்தான் போனோம். கூட்டத்தில் என்னைத் தவறவிடக் கூடாதென்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். "புதுசா ஒரு வெட்டு முகம் தொறந்திருக்காங்கக்கா, எட்டாம் முளைகிட்ட. கல்லு நல்லா ஏடு ஏடா வருது, உடைக்கச் சுலபம்," என்றாள். ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தேன். அவள் ருசித்துச் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் மழையில் மலை இறங்கியது. விடாமல் மூன்று நாள் பெய்து நான்காம் நாள் காலை, தேநீர் குடிக்கிற நேரம். முனியம்மாவும் இன்னொரு பெண்ணும் சாரலுக்காக எட்டாவது முளைக்குக் கீழே ஒதுங்கி நின்றார்களாம். மேலே இருந்த பாறை ஓர் ஏடாக வழுக்கி இரண்டு பேர்மேலும் விழுந்தது. கத்தக்கூட நேரமில்லை என்று வேலை வாங்குகிற மண்டோர் சொன்னார். முனியம்மாவின் உடம்பைத் துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள், யாரையும் பார்க்க விடவில்லை. கம்பெனி மேனேஜர் மாலை வைத்தார். உன் அப்பாவும் மாலை வைத்தார். நான் வாய்க்கரிசி போடக் கையை நீட்டியபோது, வாய் எந்தப் பக்கம் என்று தெரியாமல் துணிமேல் போட்டேன். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அப்புறம் பல நாள் அந்தக் கையால் சோறு பிசைய முடியவில்லை, கரண்டியால் சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பட்டினி கிடக்கவில்லை.

விசாரணை வந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் அட்டவணையைக் கேட்டார்கள், கம்பெனி கொடுத்தது. அட்டவணைப்படி ஒன்பது வரைக்கும் உறுதியான பாறை. சரிந்ததோ எட்டில். அப்படியானால் மழைதான் காரணம் என்று எழுதி மூடிவிட்டார்கள். அவர்கள் வருவதற்கு முந்தின நாளே முதல் அட்டவணையையும் தேய்த்தெடுத்த காகிதச் சுருள்களையும் நான் அடுப்பில் போட்டிருந்தேன். உன் அப்பா போடச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. மெழுகு பட்ட காகிதம், நன்றாக எரிந்தது.

காரியம் முடிந்த மறுநாள் லெட்சுமி வந்தாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. அவள் அம்மா உட்காரும் அதே வாசலில் நின்றுகொண்டு, "பெரியம்மா, நீங்கதானே மேசையில வெச்சு அளந்துக்கிட்டு இருந்தீங்க? அம்மா சொல்லும். மலை இறங்கும்னு அதுல ஒண்ணும் தெரியலையா?" என்று கேட்டாள். குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "தெரியலையேம்மா," என்றேன். சொல்லிவிட்டு அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை என் தோளில் சாய்ந்து அழுதது.

உன் அப்பா வருந்தினார் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். நான் பார்த்தவரை இல்லை. துரை எழுதிக் கொடுத்த பத்திரத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரால் படிக்க முடியாது. வருகிறவர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். போன வருடத்துக்கு முந்தின வருடம் அவர் இறந்தபோது கோயிலில் இரங்கல் பேசியவர்கள் அவருடைய நேர்மையைப் பேசினார்கள். நான் முன்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். துக்கம் என்று நினைத்திருப்பார்கள். பொய்யை இத்தனை பேர் வாயில் ஊட்டிவிட்டோமே என்றுதான் குனிந்திருந்தேன்.

நீ ஆறாம் வகுப்பில் மலாயா வரைபடத்துக்குப் பரிசு வாங்கினாயே, நினைவிருக்கிறதா? ஆறுகளையெல்லாம் நீல மையில் நான்தான் வரைந்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றாய். தலைமையாசிரியர் உன்னை மேடைக்குக் கூப்பிட்டபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. அடுத்தவர் செய்ததை எடுத்துக்கொண்டு பெயர் வாங்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தது நம் வீடுதான். அதனால்தான் 'ஒரு கல்லைக்கூட அளக்க வேண்டியதில்லை' என்று அவ்வளவு சுலபமாக எழுத உனக்குக் கை வந்தது. உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் சொல்வேன். சொல்ல வேறு ஆள் இல்லை. நீயே போ. உதவியாளை அனுப்பாதே. வெள்ளைக் கற்களை மட்டும் பொறுக்கி அளக்காதே, அவை கடினம், குறைவாகத்தான் நீளும். பக்கத்தில் இருக்கிற சாம்பல் நிறக் கற்களையும் அளந்து பார். பாறையின் ஒரே முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாதே, குறுக்கே வெட்டிய முகத்தையும் பார். ஒரு கல்லை விட்டுவிடத் தோன்றினால், ஏன் தோன்றுகிறது என்று உன்னையே கேட்டுக்கொள்.

வியாழக்கிழமை லெட்சுமியைப் பார்க்கப் போனேன். இப்போது கல்யாணமாகி புக்கிட் பாருவில் இருக்கிறாள், வீட்டிலேயே துணி தைக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். துரை வந்தது, டீ கொடுத்தது, எழுதியது, எரித்தது, அவளிடம் 'தெரியலையே' என்றது. தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கடைசியில், "ஏன் இப்ப சொல்றீங்க?" என்றாள்.

"தம்பி அதே அட்டவணைய வெச்சு மலைய இன்னும் மேல வெட்டப் போறான்மா. ஞாயித்துக்கிழம நானே போய் மறுபடி அளக்கப் போறேன்."

"அப்ப தம்பிக்காகச் சொல்றீங்க. எங்கம்மாவுக்காக இல்ல."

அவள் வாசற்கதவைத் திறந்து பிடித்தாள், நான் வந்துவிட்டேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை நான் டேப்பும் கவராயமும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு இறங்கியபோது, ("நாக் பிகி மானா?" என்று பக்கத்து வீட்டுச் செட்டியம்மா மலாயில் கேட்டாள், எங்கே போகிறேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை) பஸ் நிறுத்தத்தில் லெட்சுமி நின்றிருந்தாள். என்னோடு ஏறினாள். வேறு சீட்டில் உட்கார்ந்தாள். ஞாயிறு என்பதால் கல்லுமலையில் ஆள் இல்லை. சரிந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். இத்தனை வருட மழை பாறையைக் கழுவி வைத்திருக்கிறது, செதுக்கக்கூடத் தேவையில்லை. நான் கவராயத்தை வைத்து எண்ணைச் சொல்லச் சொல்ல அவள்தான் நோட்டில் எழுதினாள். எட்டாவது முளை இருந்த இடத்தில் ஓர் ஐம்பது கல் எடுத்திருப்போம். அவள் பென்சிலை நிறுத்திவிட்டுப் பாறையைப் பார்த்தாள்.

"எல்லாம் ஒரே பக்கமாப் படுத்திருக்கு," என்றாள். "இதைப் பாக்கப் படிப்பு எதுக்கு? எங்கம்மாகிட்டக் காட்டியிருந்தா அதுவே சொல்லியிருக்கும்."

"ஆமாம்மா," என்றேன்.

"மன்னிச்சேன்னு சொல்ல மாட்டேன் பெரியம்மா. எதிர்பாக்காதீங்க. அடுத்த கல்லைச் சொல்லுங்க."

சொன்னேன். மத்தியானம் வரைக்கும் அளந்தோம். எட்டும் ஒன்பதும் நான் முதலில் எழுதியதைப் போலத்தான், ஒன்பதுக்கு மேலே இன்னும் மோசம். அந்த மேல்பகுதியைத்தான் நீ இப்போது வெட்டக் கொடுக்கப் போகிறாய். அதற்குக் கீழே வேலை செய்யப் போகிற பெண்கள் யாரென்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.

அந்த அளவுகளை இரண்டு படி எழுதினேன். ஒன்று இதோடு இருக்கிறது. இதில் அடித்தல் திருத்தல் நிறைய இருக்கும், பொறுமையாகப் படி. இன்னொன்றை, நடந்ததையெல்லாம் எழுதி, என் பெயரையும் உன் அப்பா பெயரையும் முனியம்மா பெயரையும் போட்டு, மலை வெட்ட அனுமதி கொடுக்கிற அலுவலகத்துக்கு இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உனக்கு முதலில் எழுதி, நீ என்ன செய்கிறாய் என்று பார்த்துவிட்டு அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் லெட்சுமியிடம் அப்படித்தான் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். நீ நல்ல பிள்ளை, எனக்குத் தெரியும். ஆனால் அந்த அட்டவணையையும் நல்லவர்கள் இரண்டு பேர் சேர்ந்துதான் எழுதினோம். அதனால் நான் காத்திருக்கவில்லை.

அம்மா